வளையம் விழாத தட்டு

மூடியைத் திறக்கும் முன்பே அந்த வாடை மூக்கில் ஏறியது. ஆய்வகத்தில் அவளுக்குப் பழகிப்போன வாடைதான். ஆனால் இன்று தட்டில் வளர்ந்திருந்தது அவளுடைய சிறுநீரிலிருந்த கிருமி. மருந்து தோய்ந்த ஏழு வில்லைகளை நேற்று அவளேதான் அதன்மேல் வைத்தாள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வளையம் விழும். ஒன்றில்கூட விழவில்லை. சாம்பல் படலம் ஈரமாக மினுங்கிக்கொண்டு எல்லா வில்லைகளின் விளிம்பையும் தொட்டிருந்தது.

"கடைசி மருந்தும் கேக்கலையே! இதை முன்னாடி போட்டிருக்கீங்களா?" என்றார் ஆய்வக டாக்டரம்மா.

"இல்ல மேடம். பேரையே இங்கதான் பாத்தேன்."

"கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க."

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது காய்ச்சலில் பற்கள் கிட்டின. விலாவுக்குப் பின்னால் யாரோ திருகுவதுபோல் வலி. வெளிச்சம் மங்கிய கொல்லைப்புறத்தில், ஈர மரத்தூளும் எச்சமும் நெடியடிக்கும் கோழிக்கொட்டகையில், நூற்றுக்கணக்கான அலகுகள் தண்ணீர்க் குழாயைக் கொத்தும் டக்டக் சத்தம் அவள் மண்டைக்குள்ளேயே கேட்டது. தினமும் காலையில் அவள் கூட்டிப் பெருக்கும் கொட்டகை. கணவன் குந்தியிருந்து வாளியில் வெள்ளைப் பொடியைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

காலடியில் வெட்டிய பாக்கெட். அதில் ஒரு பெயர்.

ஏழாவது வில்லையின் பெயர்.

"வைட்டமின்னு சொன்னீங்களே?"

"வைட்டமின் மாதிரிதான். குஞ்சு சாகாது, எடையும் ஏறும்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே. சொன்னா நீ லேப் கதையெல்லாம் பேசி நிறுத்திடுவே. அதான் சொல்லல."

தினமும் மருந்து குடிக்கும் கோழியின் எச்சத்தில் அந்த மருந்துக்கே சாகாத கிருமி வளரும்; அதைத்தான் அவள் கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் இத்தனை காலமும், அவள் சிறுநீர் எரிச்சலில் துடித்தபோதெல்லாம், "தண்ணி நிறையக் குடிம்மா" என்று தலையைத் தடவியிருக்கிறான். பாவி. கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டான்.

"இந்த மருந்துகூட எனக்குக் கேக்கல," என்றாள். "எனக்கு இனி மருந்தே இல்ல."

அவன் கை வாளிக்குள்ளேயே நின்றது.

அப்பாவுக்குக் கூடமாட உதவிக்கொண்டிருந்த மகள் கொட்டகை இருட்டிலிருந்து வந்தாள். முழங்கைவரை வெள்ளைப் பொடி. பாவாடையைக் கொத்தாகப் பிடித்து, கால்களை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்கும் ஒண்ணுக்குப் போனா எரியுது."