செனட்டர் எறிந்த கடைசிப் பந்து

"வீ...ல்!"

ஒஹாயோ மாநில சட்டசபையின் இரண்டாம் மாடி அதிர்ந்தது.

அலறியவள் வெர்னா. செனட்டர் டெல் க்ருப்காவின் செக்ரட்டரி.

அவள் காலடியில்... எதிர்க்கட்சி உறுப்பினர் பெல்ச். குப்புற. பின்மண்டை பிளந்து. பக்கத்தில் ஒரு பேஸ்பால் பந்து!

டிடெக்டிவ் டீக் வந்தாள். பந்தைப் பார்த்தாள். க்ருப்காவைப் பார்த்தாள்.

க்ருப்கா ஒரு காலத்து பேஸ்பால் புலி. பந்து எறிந்து பேர் வாங்கியவர். அந்தப் பேரைக் காட்டி ஓட்டு வாங்கியவர். சபையில் அவர் இதுவரை வாயைத் திறந்தது... கொட்டாவி விட!

"வராந்தாவோட அந்தக் கோடியிலேர்ந்து எறிஞ்சிருக்காங்க, செனட்டர். குறி தப்பாம."

நிருபர்கள் காமிராவோடு எட்டிப் பார்த்தார்கள்.

க்ருப்கா டையைச் சரிசெய்தார்.

"இப்படி எறிய ஒஹாயோவுல ஒரே ஆள்தான் மேடம்!"

"யாரு?"

"நான்தான்!"

"ஒப்புக்கறீங்களா?!"

"காமிராவுல பதிவாச்சா? ம்... ஒப்புக்கறேன்!"

டீக் விலங்கோடு அவர் வலது கையைப் பின்னால் இழுத்தாள்.

"ஐயோ... அம்மா! தோள்... தோள்!"

டீக் அவரை அவருடைய அறைக்குள் தள்ளினாள். வெர்னாவும் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள்.

"கையைத் தூக்குங்க."

இடுப்புக்கு மேல் எழவில்லை!

"எவ்வளவு நாளா?"

"வருஷக்கணக்கா. மெதுவாப் பேசுங்க! பெல்ச்சுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. நிருபர்கள்கிட்ட உடைக்கத்தான் போயிட்டிருந்தான்."

"ஸ்பூனைத் தூக்க முடியாதவரு, எதுக்கு ஸார் கொலையைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க?"

"அடுத்த மாசம் எலெக்‌ஷன்! கொலைகாரனுக்குக்கூட ஓட்டு விழும். கை விளங்காத பேஸ்பால்காரனுக்கு எவன் போடுவான்? வக்கீல் பார்த்துப்பான். அந்த எறி மட்டும்... என் பேர்லயே இருக்கட்டும்!"

"போதும்!"

வெர்னா. முகம் சிவந்திருந்தது.

"உங்க பேச்சை நான் எழுதினேன்... கைதட்டல் உங்களுக்கு. மசோதாவை நான் எழுதினேன்... பேப்பர்ல படம் உங்களுது. உங்க மானம் போகக்கூடாதேன்னு, உங்க மேஜையில இருந்த பந்தை எடுத்து அந்த ஆள் மேல எறிஞ்சதும் நான்! காலேஜ் டீம்ல பந்து எறிஞ்சவ நான்! இதையும் நீங்களே எடுத்துப்பீங்களா?!"

டீக் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப... அந்த அலறல்?" என்றாள் டீக்.

"நடிப்பு. அதுவும் என் சொந்தச் சரக்குதான்!"

வெர்னா கைகளை நீட்டினாள். விலங்கு மாட்டும்போதும் தலை நிமிர்ந்தே இருந்தது.

கதவு திறந்தது. காமிராக்கள் மொய்த்தன.

க்ருப்கா முந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"துயரமான நாள், நண்பர்களே... ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணுக்கு எறியக் கத்துக்கொடுத்தது யாருன்னு நினைக்கறீங்க?"