காயாத மை

கடிதத்தைப் பிரித்தவளின் கட்டைவிரலில் நீல மை ஒட்டியது.

போர்முனையிலிருந்து ஒரு கடிதம் வந்துசேர ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் மை காயாமலா இருக்கும்? மழை ஈரம் பட்டிருக்கும் என்று விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆள் வந்து சேந்தாச்சு, கடுதாசி இன்னும் நடந்தே வருது பாருங்கக்கா!" என்று தபால்காரர் சிரித்துவிட்டு சைக்கிளை உருட்டிப் போனார்.

நியாயம்தான். கணவன் வீடு திரும்பி ஒரு வாரமாகிறது. இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தையல்காரன், இடக்கைப் பழக்கம். அந்தக் கையால்தான் வெட்டுவான், எழுதுவான். தூங்க அடம்பிடிக்கும் மகளின் சுண்டுவிரலை அந்தக் கையால் பிடித்துக்கொண்டால்தான் அவள் கண் மூடுவாள். எழுதும்போது உள்ளங்கை ஈர மையில் இழுபட்டு, அவன் கடிதங்கள் எப்போதும் தீற்றலாக இருக்கும். இதுவும் அப்படியே இருந்தது.

'ஒரே இருட்டு. மேலே மண் கனக்கிறது. என்னை விட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வருகிறேன். குட்டியைத் தூங்கவைக்க நான் வேண்டும்.'

கணவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"பழசா இருக்கும். தூக்கிப் போடு."

"எல்லாரும் கிளம்பிட்டாங்கன்னு எழுதியிருக்கு. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"போடுன்னா போடேன்!"

இடக்கைக்கென்றே செய்த கத்திரிக்கோலை வலது கையில் பிடித்து வெட்டிப் பழகிக்கொண்டிருந்தான். அது துணியைக் கடித்துக் குதறியது.

அடுத்த கடிதத்தில் மண் வாடை. அதற்கும் அடியில், மூடி வைத்து மறந்துபோன இறைச்சிப் பாத்திரத்தைத் திறந்தது போல இன்னொரு வாடை.

'பாலம் தாண்டிவிட்டேன். யார் முகமும் தெரிவதில்லை. செருப்புகள்தான் தெரிகின்றன. ஒரு நாய் கவ்வப் பார்த்தது.'

இதை அவன் படித்தான். முகம் வெளுத்தது.

"அந்தக் கையை என்ன பண்ணாங்க?" என்றாள் மெதுவாக.

"யாரு கேட்டா? எனக்கே உயிர் போயிட்டிருந்துச்சு. மத்தவங்க கை காலோட சேத்துக் குழியில போட்டிருப்பாங்க." சிரிக்கப் பார்த்தான். "அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு, நடந்து வர?"

சிரிப்பு வரவில்லை, இருவருக்கும்.

மூன்றாவது கடிதம் வந்த பிற்பகலில் மழை விடாமல் கொட்டியது. காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் உள்ளறையில் சற்று அடங்கியிருந்தாள். தபால்காரர் நனைந்த காகிதத்தை நுனிவிரலால் நீட்டினார்.

"இது நான் கொண்டு வந்ததில்லக்கா. உங்க வாசப்படியில கிடந்துச்சு."

தபால்தலை இல்லை. உறை இல்லை. ஒரே வரி.

'கதவுக்கு அடியில் இடம் போதும்.'

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கோணிச்சாக்கை இழுத்து வந்து, மண்டியிட்டு, கதவின் அடியில் திணித்தாள். எழுந்தபோது முழங்கால் நீலமாக இருந்தது.

தரையைப் பார்த்தாள்.

வாசற்படியிலிருந்து ஒரு தீற்றல். சுவரோரமாக, தையல் மிஷினின் மிதியைச் சுற்றி, உள்ளே. ஈரமாக. உள்ளறை வரைக்கும்.

கத்திரிக்கோலின் சத்தம் நின்றது. கணவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் பார்த்துவிட்டான்.

மழை. மழைக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் நகம் உரசும் ஒலி. பிறகு அதுவும் இல்லை.

உள்ளிருந்து மகளின் குரல், தூக்கக் கலக்கத்தில்.

"அப்பா... வலிக்குது. விடுங்கப்பா."

அப்பா மனைவியின் தோளை இறுகப் பற்றியபடி அருகிலேயே நின்றிருந்தான். இருந்த ஒரே கையால்.

திரையை விலக்கினாள்.

மகள் அசையவில்லை. போர்வைக்கு வெளியே சின்னக் கை. அதன் சுண்டுவிரலை வளைத்துப் பிடித்திருந்தன, ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். கட்டைவிரல் மட்டும், தூங்கு தூங்கு என்பது போல, மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. தடவத் தடவ, குழந்தையின் தோலுக்கு அடியில் நீலம் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.