விளாவிய வெந்நீர்

பூவராகன் எதிர்வீட்டு அங்கயற்கண்ணியின் மொட்டைமாடிக்குப் போய், அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு டம்ளர் நெகிழிக்கத்தரி நொதியை ஊற்றிவிட்டு, தொட்டி பொத்துக்கொள்ளக் காத்திருந்தார்.

உதகையின் பனியில் எருமையே உறைந்துபோகும். அவர் கோபம் மட்டும் கொதித்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் நாற்காலியில் வேர் பிடித்தவர் அவர். அதைப் பிடுங்க அவள் தேர்தலில் நிற்கிறாள். கூட்டம் இந்த முறை அவள் வீட்டில். சொட்டுத் தண்ணீரில்லாமல் அவள் மானம் கப்பலேற வேண்டும்.

நாட்டில் வாளி, செருப்பு, தொட்டி, பல்செட் எல்லாம் ஒரே நெகிழி என்று சட்டமாகி வெகுகாலமாயிற்று. அதைத் தின்ன ஒரே நொதி, நெகிழிக்கத்தரி. பூட்டுக்குச் சாவி மாதிரி அந்த நெகிழிக்கு மட்டும் பொருந்தும். நெகிழிச் சங்கிலியின் ஒரு கண்ணியை வெட்டிவிட்டு, தான் துளியும் தேயாமல் அடுத்ததற்குத் தாவும். ஒரு கரண்டி இருந்தால் யானையளவு குப்பை காணாமல் போகும். ஒவ்வொரு அடுப்படியிலும் குப்பையைக் கரைக்கும் கரைபெட்டி அதை உடம்புச் சூட்டிலேயே வைத்து வேலை வாங்கியது.

தொட்டி பொத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு குடமே ஊற்றினார். ம்ஹும். கடைக்காரன் போலி நொதியைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டித் தீர்த்தார். குளிரில் அது சாகாது, தூங்கும், அவ்வளவுதான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

கூட்டத்தில் எல்லாருக்கும் காபி வந்தது. கொதித்த தண்ணீரில் நொதியின் மடிப்பெல்லாம் குலைந்து, வெந்த முட்டை வெள்ளைபோல் ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. குடித்தவர்களுக்கு ஒரு கேடுமில்லை. எதிரி கைக் காபியைப் பூவராகன் தொடவில்லை.

"வெந்நீர் விளாவிக் குடுங்க போதும். கொப்பளிச்சாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

"கொப்பளிக்காம இருந்தீங்கன்னா நாங்க பொழைச்சுப்போம் சார்," என்றபடி, கொதிநீரில் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் கலந்து நீட்டினாள்.

இதமான சூடு. அவர் வாயில் தேக்கி, கண்மூடி, ராகம் போட்டுக் கொப்பளித்தார். தூங்கிய நொதி அங்கேதான் கண் விழித்தது.

"அன்பார்ந்த..." என்றதுமே பல்செட்டின் மேல்வரிசைப் பற்கள் பாகாக வழிந்தன. அடுத்து கீழ்வரிசை. தண்ணீரில் நொதி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். உமக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று விழுங்கிக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது. வாக்கெடுப்பில் நாற்காலியும் போனது.

புதிய செயலாளர் அங்கயற்கண்ணி எழுந்தாள்.

"இனி யாரும் குளிர்ல நடுங்க வேண்டாம். எல்லாத் தொட்டியையும் ஒரே குழாய்ல இணைச்சு, தண்ணியை உடம்புச் சூட்டுல வைக்கப்போறோம். இன்னைக்கே."

பூவராகன் துள்ளி எழுந்து, கைகளை ஆட்டி, உயிரே போகிற மாதிரி கத்தினார். நாக்கில் பாகு ஒட்டியிருந்ததால் வெறும் காற்றுதான் வந்தது.

"பாருங்க, சாரே எழுந்து நின்னு ஆமோதிக்கிறார்," என்றாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அந்தக் குடியிருப்பின் மற்ற நெகிழித் தொட்டிகளெல்லாம், செயலாளரான தன் வீட்டுக்குத் தண்ணீர் வேகமாக வரட்டும் என்று அவரே முன்பு நகர்த்தி வைத்தபடி, அவர் படுக்கையறைக்கு நேர் மேலே நிறைந்து நின்றன.