மேடம் நின்ற இடம்

எங்கள் அப்பாவின் காரை அறுத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே, மின்ரம்பத்தை வைத்துக் கர்ர்ர் என்று அறுத்தார்கள். அப்பாவும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குத் திறந்த வாய் மூடவில்லை.

எங்கள் அப்பாவைத் தெரிந்தால்தான் உங்களுக்கு இந்த அதிர்ச்சி புரியும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்த கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் காரைத் துடைக்க ஆரம்பித்துவிடும். பெரிய எஸ்யூவி. அதன்மேல் ஒரு இலை விழுந்தால்கூட அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். அப்படிப்பட்டவர், தன் காரின் பின்பக்க பம்பரில் ஒரு துண்டை அறுத்தெடுக்கச் சம்மதித்தார். எல்லாம் ஒரு கழுதைக்காக.

கழுதை என்று சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய கழுதைக்குப் பெயர் மேடம். "வாங்க, போங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டால்தான் நகரும். அதனால் அந்தப் பெயர். செங்கல் சூளையில் பல வருடம் கல் சுமந்தவள். முதுகெல்லாம் தழும்பு. அத்தை அவளை அங்கிருந்து மீட்டு வந்து, எங்கள் பக்கத்துக் காலி மனையில் விட்டு வளர்த்தார். அவள் காதை வருடிக்கொடுக்காமல் நான் பள்ளிக்கூடம் போனதே இல்லை.

இப்போது அந்த மனையில் வீடு கட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறது. எங்கள் வீட்டிலோ ஒரு சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது; கார்கூடத் தெருவில்தான் நிற்கிறது. மலையடிவாரத்தில் புல்வெளி வைத்திருக்கும் அத்தையின் தோழி, மேடத்தைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் தன்னுடைய டிரெய்லரையும், இந்தப் பக்கம் வரும் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பிவைப்பதாகச் சொன்னார். ஆனால் அதை இழுத்துப் போக எங்கள் காரில் கொக்கி வேண்டுமே! கொக்கி இல்லையென்றால் இருக்கவே இருக்கிறார் சூளைத் தரகர். மேடம் மறுபடியும் கல் சுமக்கப் போக வேண்டியதுதான். அந்த மனிதர் தினமும் மனைப்பக்கம் வந்து, மேடத்தின் கால்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அத்தை அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடாமல் இருந்தார், அவ்வளவுதான். அப்பா ஒரு நாள் பார்த்தார். மறுநாள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றார்.

பட்டறையை நடத்துவது ஒரு அக்கா. அவர் முதலில் கேட்டது எடையை. டிரெய்லர் எவ்வளவு எடை, அதில் ஏறப் போவது எவ்வளவு எடை என்று தெரிந்தால்தான் கொக்கியைத் தேர்ந்தெடுக்க முடியுமாம். கார் இவ்வளவுதான் இழுக்கும், கொக்கி இவ்வளவுதான் தாங்கும் என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது. எது குறைவோ அதைத் தாண்டக் கூடாதாம். மேடம் என்ன எடை என்று கேட்டதும் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. ஒரு பெண்ணின் எடையை நாலு பேர் நடுவில் கேட்கலாமா என்றார். பிறகு அக்காவின் காதில் ரகசியமாகச் சொன்னார்.

கொக்கி என்றதும் நான் தூண்டில் முள் மாதிரி எதையோ நினைத்திருந்தேன். அது வேறு மாதிரி இருந்தது. காரின் அடிச்சட்டத்தில் ஒரு கனமான இரும்புக் குழாயைப் போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். அதற்கு இடம்விடத்தான் பம்பரை அறுத்தது. குழாய்க்குள் வளைந்த ஒரு இரும்புக் கையைச் செருகி, குறுக்கே தடியான பின் போடுகிறார்கள். கையின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு இரும்புக் குண்டு. டிரெய்லரின் மூக்கு அந்தக் குண்டின்மேல் தொப்பியாகக் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். மூக்கின் அளவும் குண்டின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அக்கா தோழிக்கே போன் போட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தார்.

வளைந்த கையை மேல்நோக்கியும் மாட்டலாம், கீழ்நோக்கியும் மாட்டலாம். டிரெய்லரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து மாட்டுவதுதான் நல்லது என்று அக்கா இழுத்தார். டிரெய்லர் அப்போது மலையடிவாரத்தில் இருந்தது. எங்கள் தெருமுனை வேகத்தடையில் கொக்கி இடிக்கும், அதனால் மேல்நோக்கியே மாட்டுங்கள் என்று அப்பா அடித்துச் சொல்லிவிட்டார்.

"நான் தினமும் கண்ணு பாக்கிறவன்மா. எனக்கு அளவு தப்பாது," என்றார்.

சனிக்கிழமை காலை டிரெய்லர் வந்து இறங்கியது. பின்பக்கக் கதவைத் தாழ்த்தினால் அதுவே ஏறுபலகை ஆகிவிடும். அப்பா அதைக் காரோடு பூட்டி, இரண்டு பக்கமும் சங்கிலியை மாட்டினார். நான் கேரட்டை எடுத்துக்கொண்டு, "வாங்க மேடம், ஏறுங்க," என்றேன். மேடம் யோசித்தாள். பிறகு டக் டக் என்று ஏறி உள்ளே போனாள். நான் முன்பக்கத் திறப்பு வழியாக நீட்டிய கேரட்டை ஒரு கடி கடித்தாள். நாங்கள் மூச்சுவிட்டோம்.

அப்புறம் அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. இன்னும் ஒரு அடி.

டமார்!

டிரெய்லரின் மூக்கு குண்டைவிட்டுக் கழன்று மேலே எகிறியது. பின்பகுதி தரையில் மோதியது. சங்கிலிகள் விறைத்து நின்றன. மேடம் பலகையில் சறுக்கி வெளியே விழுந்து, எழுந்து, மனையின் மூலைக்கு ஓடினாள். அத்தை நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஓடிப்போய்ச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்டுல போகும்போது இப்படி ஆகியிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு எல்லோருடைய வாயும் மேடத்தின்மேல் பாய்ந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், கழுதை புத்தி பின்புத்தி என்றார். போகச் சொன்னால் நிற்கும், நிற்கச் சொன்னால் பின்னால் போகும், இதையெல்லாம் வண்டியில் ஏற்ற முடியுமா என்றார். அப்பா மூக்கை இறக்கி மறுபடியும் பூட்டினார். ஆனால் மேடம் பலகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"அக்கா, உசுரோட இருந்தாப் போதும். நான் தரகருக்குச் சொல்லிடறேன்," என்றார் அப்பா.

அத்தை சரி என்று தலையாட்டினார். எனக்கு டமார் என்ற சத்தத்தைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி. அத்தையாவது சரி என்பதாவது!

நான் அழுதுகொண்டே மேடத்திடம் போனேன். காது இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. உடம்பு உதறிக்கொண்டிருந்தது. பிடிவாதம் பிடிக்கிறவள் இப்படி நடுங்குவாளா என்ன? ஏறும்போது நன்றாகத்தானே ஏறினாள். உள்ளே போனபிறகுதான் ஏதோ ஆகியிருக்கிறது. என்ன ஆயிற்று என்று அவளால் சொல்ல முடியாது. நான் போய்ப் பார்க்கலாம் அல்லவா?

பலகையில் ஏறி டிரெய்லருக்குள் போனேன். மேடம் நின்ற இடத்தில் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. மேடத்துக்கு நாலு கால் ஆயிற்றே என்று நினைவு வந்ததும், கையையும் ஊன்றி நாலு காலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் என் முட்டி தானாகப் பின்னால் நழுவியது. முன்னால் ஊர்ந்தேன். மறுபடியும் நழுவியது. மேடம் மிச்சம் வைத்த கேரட்டைக் குறுக்காகத் தரையில் வைத்தேன். அது உருண்டு, என்னைத் தாண்டி, பலகையில் இறங்கி, அப்பாவின் செருப்பில் போய் இடித்தது.

"அப்பா, மேடம் பின்னால வரலை. வண்டிதான் அவளைத் தள்ளுது," என்றேன்.

நேராகத்தானே நிற்கிறது என்றார் அப்பா. அவர் நின்றது வண்டிக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? கையைப் பிடித்து, வண்டியின் ஒரு ஓரமாகக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நின்று பக்கவாட்டில் பார்க்கச் சொன்னேன். அப்பா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பின்பகுதி தரையைப் பார்த்துத் தாழ்ந்திருந்தது. சுவரில் முன்னங்கால் வைத்து இலை தின்னும் ஆடு மாதிரி நின்றது அந்த வண்டி.

அப்பா குனிந்து கொக்கியைப் பார்த்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. "மேல மாட்டச் சொன்னது நான்தானே," என்றார் கடைசியில். "பழியைத் தூக்கி அவ மேல போட்டேன் பாரு."

"அந்தக் கையைத் தலைகீழா மாட்டினா சரியாயிடும்ப்பா," என்றேன்.

போன் போட்டதும் பட்டறை அக்கா ஸ்பேனர் பெட்டியோடு வந்துவிட்டார். ஒரு பார்வை பார்த்ததுமே நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மூக்கு சாய்ந்து உட்கார்ந்ததால் பூட்டும் முழுதாக விழவில்லையாம். பூட்டிவிட்ட மாதிரி தெரிந்ததே தவிர, பாதிதான் பிடித்திருக்கிறது. நேரில் பார்க்காமல் அனுப்பியது தன் தப்புதான் என்றார். குறுக்கே போட்டிருந்த பின்னை உருவினார். கையை இழுத்துக் கீழ்நோக்கித் திருப்பிச் செருகினார். குண்டைக் கழற்றி மறுபக்கம் வைத்து முடுக்கினார். டிரெய்லரை மாட்டி, அதன் மூக்குக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். மூக்கோடு சேர்ந்து காரின் பின்பக்கமும் எழுந்தது. இப்படித் தூக்கிப் பார்த்தால்தான் பூட்டு நிஜமாகப் பிடித்திருக்கிறதா என்று தெரியுமாம்.

அப்படியானால் வேகத்தடை? மெதுவாகப் போவது, வேறென்ன.

மேடம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்க் கேரட்டைத் தரையில் வைத்தேன். அது அசையவில்லை.

"மேடம், நான் நின்னு பாத்துட்டேன். இப்ப தள்ளாது," என்றேன். "வாங்க."

வருவாளா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. மேடம் பலகைவரை வந்தாள். ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு ஏறி, நேராக என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு அடிகூட வைக்கவில்லை. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல நழுவிவிட்டார்.

மலையடிவாரம்வரை அப்பா கட்டைவண்டி வேகத்தில்தான் ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. பச்சைப் புல்வெளியையும், அதில் மேயும் இரண்டு கழுதைகளையும் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. பலகையை இறக்கினோம். மேடம் திரும்பி நின்றாள். வெளியே பார்த்தாள். இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

அத்தை கெஞ்சினார். தோழி புல்லைக் காட்டினார். பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளலாமா என்று கேட்டார். நான் உள்ளே ஏறப் போனேன். அதற்குள் அப்பா என்னைத் தாண்டி ஏறிவிட்டார்.

ஏறியவர் என்ன செய்தார் தெரியுமா? தேய்த்த சட்டையும் பேன்ட்டுமாக, மேடத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் தரையில் ஊன்றி நாலு காலில் நின்றார். எங்கள் அப்பா! நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்பா தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"அக்கா, பலகை முடியற இடத்துல தண்ணி தேங்கியிருக்கு," என்றார் உள்ளேயிருந்து. "இங்கேருந்து பாத்தா அது தண்ணியாத் தெரியலை. பெரிய குழியாத் தெரியுது."

தோழி வைக்கோலை அள்ளி வந்து தண்ணீரின்மேல் பரப்பினார். மேடம் காதை நிமிர்த்தினாள். ஒரு கால், இரண்டு கால், அப்புறம் புல். இரண்டு கழுதைகளும் நிமிர்ந்து பார்த்தன. அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவற்றை நோக்கி நடந்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்பா மட்டும் இன்னும் உள்ளேயே நாலு காலில் நின்றுகொண்டிருந்தார்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு. யாராவது கை குடுங்க," என்றார்.

நானும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினோம்.