விளிம்பில் ஒரு விரிசல்

கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்குள் நுழைந்த அம்மாளின் கால்களில் ஒரு செருப்புக்கு மறு செருப்பு ஜோடி இல்லை. கடைக்காரர் லென்ஸைக் கழற்றி வைத்தார். துப்புத் துலக்குவதில் கெட்டிக்காரர் என்று ஊரில் அவருக்குப் பெயர். உதவிக்கு இருந்த மச்சினன் ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நாலு நாளா அவர் ஒரு வாய் சாப்பிடல சார். கதவைச் சாத்திட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கார். ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு."

அந்த அம்மாளின் கணவர் ஓர் இசைத்தட்டுச் சங்கத்தின் காப்பாளர். யாருக்கும் பெயர் தெரியாத பழைய ஜாஸ் நடன இசைக் குழுக்களின் பாட்டுகளைத் தேடிப் பிடித்து மறுவெளியீடு செய்யும் பன்னிரண்டு பைத்தியங்களின் சங்கம் அது. அப்படி ஒரு குழு போட்டதே ஒரு தட்டு. மிஞ்சியதும் அந்த ஒன்றே. அதுதான் மூன்று வாரத்துக்கு முன் அவர் அலமாரியிலிருந்து காணாமல் போயிருந்தது. அவரே திருடிவிட்டார் என்று பழி சுமத்தி, இன்று ஐந்து மணிக்குள் தட்டு வராவிட்டால் போலீஸுக்குப் போவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

"வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"செயலாளர் மட்டும்தான். அவருக்கு எதுக்குத் தட்டு? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தட்டுலேர்ந்து பதிவு பண்ணின ஒலிநாடாவை வச்சுத்தான் இந்த சி.டி. போட்டிருக்கார். எங்க வீட்டுக்காரர் இதைத் தொடக்கூட மாட்டேங்கிறார்." பிரிக்காத உறையை எடுத்து வைத்தவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சார். ரெண்டு மாசம் முன்னாடி இவர் கை தவறித் தட்டு கீழ விழுந்துச்சு. விளிம்புல மயிரிழை விரிசல். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினார்."

"அத்தான், அதை மறைக்க அவரே தூக்கிப் போட்டிருப்பாரு!" என்று துள்ளினான் மச்சினன்.

"கொஞ்சம் சும்மா இரு மாப்ளே." கடிகாரக்காரர் உறையின் பின்பக்கத்தை வாசித்தார். 'எந்தச் சத்தத்தையும் துடைக்கவில்லை. இருந்தது இருந்தபடி.'

ஐந்து மணிக்குச் செயலாளர் அந்த வீட்டுக் கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். படுக்கையறைக் கதவு சாத்தியே இருந்தது. கடிகாரக்காரர் சி.டி.யை ஓடவிட்டார். கிளாரினெட்டுக்கு அடியில் டக், டக் என்று ஒரு சத்தம் வந்தது. அரை நிமிடத்தில் அது நின்றுபோயிற்று.

"பத்து விநாடிக்குப் பதிமூணு. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு. தட்டு அவ்வளவுதானே சுத்தும்?"

"பழைய தட்டுன்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றார் செயலாளர்.

"வரும். சுத்துக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா வந்தா விரிசல். ஆரம்பத்துல மட்டும் வந்தா அது விளிம்புல இருக்கு. அந்த விரிசல் விழுந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. பன்னிரண்டு வருஷத்து நாடாவுக்குள்ள அது எப்படிய்யா புகுந்துச்சு?"

செயலாளருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"நாடா பூஞ்சை பிடிச்சுப் போச்சு. பத்திரமா வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டேன். தட்டைக் கேட்டா மானம் போயிடும்னு எடுத்துட்டேன். திருப்பி வைக்கத்தான் இருந்தேன்..."

"அந்தச் சத்தத்தைத் துடைச்சிருக்கலாமே?" என்றான் மச்சினன்.

"எதையும் துடைக்கக் கூடாதுங்கிறது சங்கத்துக் கொள்கை! தட்டுல முதல்லேர்ந்தே இருந்த குறைன்னு நெனச்சேன்."

"தட்டு எங்கே?"

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். "பதிவு முடிஞ்சு எடுக்கும்போது, விரிசல் விட்ட இடத்துலயே ரெண்டா உடைஞ்சுபோச்சு."

கதவு திறந்தது. தாடி மண்டிய முகத்தோடு கணவர் வந்து நின்றார். செயலாளரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உலகத்துல இருந்ததே அது ஒண்ணுதான். என் கை தவறலேன்னா அது உடைஞ்சிருக்காது. ஐயோ, நான்தானே பாவி!" என்று தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த விரிசல் மட்டும் இல்லேன்னா நீங்க சாகுற வரைக்கும் திருடன்தான்."

கணவர் சி.டி.யை மறுபடி ஓடவிடச் சொன்னார். டக், டக் என்ற சத்தம் நிற்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார். மனைவி சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார். அந்த முதல் கவளத்தை விழுங்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.