பாசி பொய் சொல்லாது

மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. அடுத்து பாசிச்சட்டி வரவேண்டும். இப்போதெல்லாம் ஜாதகத்தை யார் கேட்கிறார்கள்?

அந்த நேசப்பாசியை உருவாக்கியவளே மணப்பெண் ஆதிரைதான். காதல் கொண்ட இருவர் ஒரே நேரத்தில் தொட்டால், வியர்வையின் ரசாயனத்தை உணர்ந்து பச்சையாக ஒளிரும். கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலில் அது ஒளிர்ந்தது அவள் கைக்கும் உடன் வேலை பார்த்த ஜெனோவாவின் கைக்கும்தான். தங்களைப்போல வாய்திறந்து சொல்ல முடியாத பெண்களுக்காக, ‘சூனியக்காரி விளக்கு’ என்று பெயரிட்டு விற்றார்கள். பெட்டியின் மேல் பழைய காலண்டர் பாணியில் ஜெனோவா வரைந்த படம்: பௌர்ணமி, காட்டுச்செடிகள், கூந்தலை அவிழ்த்துவிட்ட இரண்டு பெண்கள். ஊர் என்ன செய்தது? பெட்டியைக் கிழித்தெறிந்துவிட்டுப் பாசியை மட்டும் பெண் பார்க்கும் சடங்குக்குத் தூக்கிக்கொண்டு போனது. நல்ல ஊர்!

இன்று அந்தப் பாசிதான் அவளைக் காப்பாற்ற வேண்டும். “ஒளிரலேன்னா நானே வேண்டாம்னு சொல்லிடுறேன். பாசி பொய் சொல்லாது” என்று அப்பா ராஜாமணி வாக்குக் கொடுத்திருந்தார். ஒளிர்ந்தால் இன்றே நிச்சயம்.

சட்டியை ஏந்தி வருவது தோழியின் வேலை. ஆதிரைக்கு ஜெனோவாவை விட்டால் வேறு தோழி ஏது? பாசி சட்டியின் வெளிப்புறத்திலும் மண்டியிருந்தது. விரல் பட்டுவிடாமல் தடித்த துணியால் பிடித்து வந்தாள் ஜெனோவா.

ஆதிரையும் மாப்பிள்ளை பிரணவனும் உள்ளங்கையை வைத்தார்கள். பாசி இருண்டே கிடந்தது. ஆதிரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இரும்மா, அந்தக் கரித்துணி போட்டோவுல அசிங்கமா விழுது” என்றபடி சுலோச்சனா அத்தை துணியை வெடுக்கென்று உருவினாள். சட்டி நழுவியது. ஜெனோவா பதறிப்போய் வெறுங்கையால் தாங்கிப் பிடித்தாள்.

ஹால் முழுக்கப் பச்சை வெளிச்சம்.

அத்தை குலவையிட்டாள். “அப்புறமென்ன, தட்டை மாத்திடலாம்!” என்று ராஜாமணி துள்ளி எழுந்தார். ஜெனோவா கண்கலங்கி, ‘வேண்டாம், பேசாதே’ என்று தலையசைத்தாள். பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்தது.

“நீங்க மட்டும் கையை எடுங்க” என்றாள் ஆதிரை, பிரணவனிடம்.

“ஏங்க, அதான் நல்லா ஒளிருதே?”

“எடுங்களேன்.”

எடுத்தான். வெளிச்சம் இம்மியும் குறையவில்லை. குலவை பாதியில் நின்றது. பிரணவன் தன் கையைப் பார்த்தான். பிறகு சட்டியைப் பிடித்திருந்த ஜெனோவாவின் விரல்களைப் பார்த்தான். அவனுக்குத்தான் முதலில் புரிந்தது.

“பாசி பொய் சொல்லாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?” ஆதிரை அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

ராஜாமணியின் முகம் சிவந்தது. “இது கெட்டுப்போன சட்டி! வேற சட்டி கொண்டாங்க!”

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அம்மா வேதவல்லி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“கொண்டாரச் சொல்லுங்க. முதல்ல நாம ரெண்டு பேரும் கை வச்சுப் பாத்துடுவோம்.”

ராஜாமணி அதற்குப் பிறகு வேறு சட்டி கேட்கவில்லை.