அம்மாவின் கோட்டு ஏன் கனக்கிறது?

அப்பாவின் தையல் மிஷின் பொய் சொல்லாது. அப்பா சொல்வார்.

இதைத் துருவி என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டாள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அப்பா சோபாவுக்கும் வண்டி சீட்டுகளுக்கும் உறை தைப்பவர். வீட்டின் முன் அறைதான் அவருடைய பட்டறை. மெல்லிய துணி என்றால் மிஷின் கடகடவென்று ஓடும். ரெக்சின் என்றால் டக், டக் என்று நிதானமாக நடக்கும்.

இன்று அது முனகியது. மூட்டை தூக்குகிறவர் மாதிரி முக்கி முக்கி முனகியது. போதாததற்குக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அப்பா, என்ன தைக்கிறீங்க?"

"கஸ்டமர் வேலைம்மா."

"எந்தக் கஸ்டமர்?"

"அது வந்து... பஸ்காரர்."

"பஸ்காரர் போன வாரமே சீட்டையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரே?"

கதவுக்குப் பின்னால் நூல்கண்டு ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"இவர் வேற பஸ்காரர்" என்றது அப்பாவின் குரல்.

துருவி புருவத்தைச் சுருக்கினாள். இரண்டு நாளாக யாரும் படியேறி வரவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கு விடுமுறை. அவள் வாசலிலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

போதாததற்கு, ஒரு பொருள் காணாமல் போய்த் திரும்பி வந்தது. அது அம்மாவின் கோட்டு.

அம்மா லிஃப்ட் மெக்கானிக். புது வகை லிஃப்ட் ஒன்றைப் பொருத்தக் கற்றுக்கொள்ள, கம்பெனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அந்த வாய்ப்புக்காக அம்மா பல வருடம் காத்திருந்தார். நாளை காலை விமானம். அங்கே குளிர் என்பதால் தடிமனான நீலக் கோட்டு ஒன்றை வாங்கி, படுக்கையறைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்.

காலையில் அந்தக் கோட்டைக் காணோம். மிஷினின் முனகல் நின்ற பிறகு பார்த்தால், மறுபடி கொக்கியில் தொங்கியது. ஆனால் கொக்கி தலையைக் குனிந்திருந்தது.

துருவி கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். அப்பாடி! தண்ணீர் நிரம்பிய வாளி மாதிரி கனத்தது.

நெஞ்சுப் பக்கத்தை அமுக்கினாள். உள்ளே ஏதோ சதுரமாக, விறைப்பாக இருந்தது. முதுகுப் பக்கமும் அப்படியே. தையலைப் பிரித்துப் பார்த்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது?

அவள் சமையலறைக்கு ஓடி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்தாள். காந்தத்தின் இழுப்புக்குத் துணி ஒரு தடையே இல்லை. அந்தப் பக்கம் இரும்பு இருந்தால், இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

கைப்பகுதியில் வைத்தாள். விழுந்தது. காலரில் வைத்தாள். விழுந்தது. நெஞ்சில் வைத்தாள்.

டப். ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்குத் தெரியாமல், அம்மாவின் கோட்டில், இரும்பு! அப்பா எதையாவது கடத்துகிறாரா? சேச்சே. சோபா இடுக்கில் கிடைத்த ஒற்றைக் கம்மலை, வீடு தேடிப் போய்க் கொடுத்த அப்பாவா?

ஆனால் இல்லாத பஸ்காரரை வரவழைத்ததும் அதே அப்பாதானே?

அவள் கோட்டை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"அப்பா, வேற பஸ்காரரோட சீட்டு இங்க இருக்கு. கோட்டு மாதிரியே இருக்கு."

அப்பா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். காந்தம் கோட்டில் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாதம்மா."

"என்னன்னு தெரிஞ்சாதானே சொல்றதா, வேணாமான்னு யோசிக்க முடியும்?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "கவசம்."

"என்னது?"

"குண்டு துளைக்காத கவசம். அம்மா போற நாட்டுல எங்கேயோ துப்பாக்கிச் சூடாம். செய்தியில காட்டினான். பார்த்ததுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. நிஜக் கவசம் வாங்கலாம்னு விசாரிச்சேன். சில நாட்டுல அதை எடுத்துட்டு வரவே அனுமதி வாங்கணுமாம். அதான் நானே... பழைய பஸ் சீட்டுக்கு அடியில இருக்கிற தகடு. அதுக்கு மேல சீட் பெல்ட் பட்டை. அதுக்கு மேல ஸ்பாஞ்ச். மெத்துனு இருக்கும்."

துருவிக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் கண்களைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

"தகடு நழுவாம எப்படிப்பா தைச்சீங்க?"

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுதான் தொழில் நுணுக்கம்! தகட்டைச் சுத்தி ஆணியால ஓட்டை போட்டு, அதுக்குள்ள நூலை விட்டு..."

"ஆணியாலயா?"

"ஆமா. சுத்தியால ஒரே தட்டு. சுலபமா இறங்கிடுச்சு."

"அப்பா. ஒரு தட்டுல ஆணி இறங்குற தகட்டுல குண்டு இறங்காதா?"

அப்பா மேஜை மேலிருந்த சுத்தியலை மெல்லப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

நிஜக் கவசம் எப்படி வேலை செய்கிறது என்று துருவி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தாள். "அதுல தனி வகை நூல்ப்பா. ரொம்ப வலுவானது. அதை நெருக்கி நெய்து, அடுக்கடுக்கா வைப்பாங்க. கோல் வலையில பந்து விழுந்தா என்ன ஆகும்? வலை பின்னால போய், பந்தோட வேகத்தை எல்லா நூலும் பங்கு போட்டுக்கும் இல்ல? அந்த மாதிரி."

"அப்ப இன்னும் நாலு அடுக்கு பட்டை வச்சுடறேன்" என்று அப்பா எழுந்தார். "தகட்டையும் தடிமனா மாத்திடறேன். கழுத்துக்கும் ஒண்ணு. தலைக்கு..."

இது வேலைக்கு ஆகாது என்று துருவிக்குப் புரிந்தது. இப்படியே விட்டால் அம்மா சோபாவாகத்தான் விமானம் ஏறுவார். பயத்திடம் ஒரு காரணம் சொன்னால் அது இன்னும் நாலு காரணம் திருப்பிச் சொல்லும்.

"அப்பா, ஒரு விளையாட்டு. நீங்க அம்மா. நான் விமான நிலைய அதிகாரி. கோட்டை இந்த மேஜை மேல வைங்க."

அப்பா முழித்துக்கொண்டே வைத்தார்.

"இந்த மேஜைதான் எக்ஸ்ரே பெட்டி. அதோட கதிர் துணிக்குள்ள புகுந்து போயிடும். தகட்டுக்குள்ள புகாது. அதனால திரையில தகடு மட்டும் தனியாத் தெரியும்." துருவி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். "ஏம்மா, கோட்டுக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"நான்... அதாவது அவ... ஒண்ணும் இல்லைன்னு சொல்லுவா."

"தகடு தெரியுதே?"

"எனக்குத் தெரியாதுங்க!" என்றார் அப்பா, அம்மாவாக.

"உங்க கோட்டு. உங்களுக்கே தெரியாதா? பிடிபட்ட எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அப்படி ஓரமா நில்லுங்க. விமானம் போனா போகட்டும்."

அப்பா ஓரமாகப் போய் நின்றே விட்டார்.

"ஐயோ" என்றார் மெதுவாக. "அவளைக் காப்பாத்தறேன்னு நானே மாட்டிவிடப் பார்த்தேனே."

அந்த நேரம் பார்த்து வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம். அப்பா கோட்டை மேஜைக்கு அடியில் தள்ளப் பார்த்தார். அது அவ்வளவு சீக்கிரம் நகரவில்லை.

"நான் சொல்ல மாட்டேன்ப்பா" என்று கிசுகிசுத்தாள் துருவி. "நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

அம்மா உள்ளே வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் முழியும் சரியில்லையே. என்ன திருட்டுத்தனம் நடக்குது இங்க?"

துருவி அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். ஆணியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கோட்டின் தையலைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்லக் கூடாதாங்க?"

"சொன்னா நீ போகாம இருந்துடுவியோன்னும் பயம்" என்றார் அப்பா.

"நெட்டை மாமாவைக் கேட்டா என்ன?" என்றாள் துருவி. நெட்டை மாமா அம்மாவோடு வேலை பார்ப்பவர். அதே பயிற்சிக்காகப் போன மாதமே அங்கே போனவர். "அவர் அங்க தினமும் தெருவுல நடக்கிறாரே. அவருக்குத் தெரியாததா?"

அம்மா போனில் அழைத்தார். திரையில் மாமாவின் தாடை மட்டும் தெரிந்தது.

"மாமா, நீங்க கவசம் போட்டுட்டா வெளிய போறீங்க?"

"எது? மழைக்குப் பிடிக்கிற குடையைச் சொல்றியா?"

துருவி விளக்கினாள். தாடை சிரித்தது. "இங்க ஒரு வங்கி வாசல்ல ரெண்டு காவலாளி கவசத்தோட நிப்பாங்க. அவங்களுக்கு அது வேலை. நானும் போட்டுட்டு நடந்தா, இவன்கிட்ட ஏதோ பெரிய பொருள் இருக்குன்னு ஊரே என்னை உத்துப் பார்க்கும்."

"அப்ப பயப்பட ஒண்ணுமே இல்லையா?" அப்பா நம்பாமல் கேட்டார்.

"ஏன் இல்ல? ஆத்தோரம் ஒரு பேட்டை இருக்கு. இருட்டினதும் அங்க போகாதீங்கன்னு உள்ளூர்க்காரங்களே சொன்னாங்க. நான் போறதில்ல. அப்புறம் வண்டியெல்லாம் நம்ம பழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா வருது. முதல் நாளே இடிபடப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டும்போதுதான் இங்க உயிர் போய் உயிர் வரும். அதைவிடக் கொடுமை லிஃப்டுக்கு அடியில இருக்கிற குழி. தரை ஐஸ் மாதிரி. அதுல முட்டி போட்டு வேலை பார்த்துப் பார்த்து, எனக்கு முட்டியே கழண்டுடுச்சு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முட்டியா?"

அதற்குப் பிறகு அவர் போனைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தகடுகள் குப்பைக்குப் போயின. பட்டையும் ஸ்பாஞ்சும் முழங்காலில் கட்டிக்கொள்ளும் இரண்டு குட்டி மெத்தைகளாயின. இந்த முறை மிஷின் முனகவில்லை. டக், டக் என்று நடந்தது. கதவும் திறந்தே கிடந்தது.

மறுநாள் விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அம்மா போனார். அப்பாவும் துருவியும் வெளியே நின்றார்கள். அப்பா கதவையே பார்த்தார். யார் சீருடையோடு வேகமாக நடந்தாலும் திடுக்கிட்டார்.

"எல்லாத் தகட்டையும் எடுத்துட்டீங்கதானே?" துருவி சந்தேகமாகக் கேட்டாள்.

"எடுத்துட்டேன். எடுத்துட்டேன்னுதான் நினைக்கிறேன்."

போன் அடித்தது. அப்பா பாய்ந்து எடுத்தார்.

"சோதனை முடிஞ்சுதுங்க" என்றார் அம்மா. "கோட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஆனா முட்டி மெத்தையை எடுத்து அந்த அதிகாரி அமுக்கு அமுக்குனு அமுக்கினாரு. இதுக்குள்ள என்னன்னு கேட்டாரு."

அப்பா போனைக் காதோடு அழுத்தினார். "நீ என்ன சொன்ன?"

"எத்தனை அடுக்கு, என்ன பட்டை, யார் தைச்சது, எல்லாம் சொன்னேன். எனக்குத்தான் தெரியுமே. அவருக்கு நாள் பூரா நிக்கிற வேலையாம். முட்டி விண்ணு விண்ணுனு வலிக்குதாம். இது எங்க கிடைக்கும்னு கேட்டாரு."

அப்பா நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். பிறகு கேட்டார்:

"அவரோட அளவை வாங்கிட்டியா?"